கேட்டதை எப்படித் திரும்பப் பெறுவது

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்த வேலை என்னவென்று என் குடும்பத்தாருக்கு இன்றுவரை விளக்க முடிந்ததில்லை. "யுனிவர்சிட்டிக்கு நன்கொட வசூல் பண்ணியா?" என்று அண்ணி கேட்பார். வசூலுக்குக் கிளம்புகிறவர்களைப் போகாதே என்று நிறுத்துவதுதான் என் வேலை என்பேன். "அதுக்கு ஒரு ஆபீசா? அதுல ஏர்கோன் வேறயா?" என்பார். ஆபீசும் இருந்தது, ஏர்கோனும் இருந்தது. இரண்டில் ஏர்கோன்தான் ஒழுங்காக வேலை செய்தது என்று எங்கள் கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும்.

அந்த ஆபீஸ் பிறந்ததற்குக் காரணம் ஓர் இரும்புச் சாமான் கடை முதலாளி. மலாக்காவில் ஆயர் குரோ பக்கம் பெரிய கடை, தாராளமான மனிதர். ஒரு வாரம் எங்கள் நூலகத்தார் புத்தகத்துக்காக அவரிடம் போயிருக்கிறார்கள். அடுத்து பூப்பந்துக் குழு சட்டைக்காக. அப்புறம் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்காக, சீன மாணவர் சங்கம் நிலாப் பண்டிகைக்காக. பொங்கலும் நிலாப் பண்டிகையும் ஒரே வாரத்தில் வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன? கொடுத்துவிட்டார். கடைசியில் எங்கள் துணைவேந்தரே டை கட்டிக்கொண்டு, ஒரு கட்டடம் வேண்டும் என்று போய் நின்றார். முதலாளி மரியாதையாக மலாயில் கேட்டாராம்: "துவான், உங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா?" பிறகு பூப்பந்துக் குழுவுக்குக் கொடுத்த அதே தொகையைத் துணைவேந்தருக்கும் கொடுத்து அனுப்பினார்.

ஒரு மாதத்துக்குள் என்னைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பதிவாளர் அலுவலகத்தில் நான் இருந்த காலத்தில் விதிகளைப் படித்த ஒரே ஆள் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு.

விதி சுலபமானது. ஒரு வீட்டுக்கு ஓர் ஆள். எந்தத் துறையாவது ஒரு செல்வந்தரின் பெயரைப் பதிந்துகொண்டால் மற்ற எவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பதிந்தவர் எழுதிக் கொடுத்து விலகினால்தான் அடுத்தவர் போகலாம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் ஒரே வீடாகத்தான் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் இதற்கு நான்கு கட்டங்கள் சொல்லித் தந்தார்: அடையாளம் காண்பது, வளர்ப்பது, கேட்பது, நன்றி சொல்வது. வளர்ப்பது என்றால் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது. கோழி வளர்ப்பில் நாம்தான் தீனி போடுவோம். இதில் வளர்க்கிறவனுக்குத்தான் தீனி.

எனக்கு அந்த வேலை பிடித்துப் போனதற்குக் காரணம் பணம் அல்ல, மனிதர்கள். ஒருவர் ஏன் கொடுக்கிறார், ஏன் கொடுப்பதில்லை, ஏன் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கொடுக்காமல் இருக்கிறார் என்பது நாவலைவிடச் சுவாரசியமாக இருந்தது. கடைசி வகையில் எனக்கு வாய்த்தவர் ஒரு மசாலா ஆலை முதலாளி.

மலாக்கா டவுனில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் அவர்களுடைய பழைய கடை இருக்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பம். தாத்தா காலத்து மளிகை மொத்த வியாபாரம். அண்ணன் தம்பி இருவர், ஊருக்குப் பெரியவர், சின்னவர்; அண்ணனைத் தம்பி கூப்பிடுவது நானா என்று. அண்ணன் கடையிலேயே உட்கார்ந்திருப்பார். தம்பி பாயா ரும்புட்டில் மசாலா ஆலை வைத்துச் சிங்கப்பூர் வரை அனுப்புகிறார். கம்பெனிப் பத்திரங்களில் நிர்வாக இயக்குநர் தம்பிதான். நாளிதழில் படம் வருவதும் அவருக்குத்தான். எங்கள் பொறியியல் டீன் அவர் பெயரைப் பதிந்துகொண்டு, புதிய ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்றுக்காக இரண்டு வருடமாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

டீன் கெட்டிக்காரர். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவர். எதையும் படம் போட்டுத் திரையில் காட்டாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, பிளாஸ்டிக் மூடி போட்டு, தங்கா பத்துவில் உள்ள சின்னவர் வீட்டு ஹாலில் கொண்டுபோய் வைத்திருந்தார். அடுத்த முறை போனபோது மூடியைக் காணோம். பேரப்பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில் பொம்மைக் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

சின்னவர் ஒவ்வொரு முறையும் அன்பாக வரவேற்பார். லிஃப்ட் எந்தப் பக்கம் வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பார். சும்மா கேட்கிற கேள்விகள் அல்ல. மனதில் கட்டிப் பார்க்கிறவன் கேட்கிற கேள்விகள். பிரியாணி வரும். கிளம்பும்போது எல்லாருக்கும் மசாலாப் பொட்டலம். எப்போது கையெழுத்து என்று டீன் நெருங்கினால் மட்டும், "இன்ஷா அல்லா, பாப்போம் சார்" என்பார். முகத்தில் ஒரு நிழல் வந்து போகும். அதை டீன் பார்த்ததில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பணம் இல்லாமல் இல்லை. மனம் இல்லாமலும் இல்லை. பிறகு எதுதான் இல்லை? வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபடி நான் இதையே யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் வார்டன் வந்தார்.

புக்கிட் பெருவாங்கில் ஓர் இரட்டை மாடி வரிசை வீட்டை எங்கள் பழைய மாணவர்கள் சிலர் ஒரு கமிட்டியாகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, தோட்டப்புறத்துப் பெண்பிள்ளைகளைத் தங்க வைத்திருந்தார்கள். ஜாசின், செலண்டார் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். காலை எட்டு மணி வகுப்புக்கு அங்கிருந்து வர பஸ் கிடையாது. வளாக விடுதியின் வாடகை அவர்கள் வீட்டுக்குக் கட்டாது. அந்த வீட்டில் சமைத்துப் போட்டு, இரவில் கதவைப் பூட்டி, காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எல்லாம் பார்த்துக்கொண்டவர் இந்த வார்டன். ஐம்பது வயது, கணவர் இல்லை. சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் தங்கியிருந்தார். அவருக்கு வேறு வீடு கிடையாது.

"அக்கா, வீட்டுக்கார அங்கிள் பெர்த்துக்குப் போறாராம், மகன்கிட்ட. வீட்ட விக்கப் போறாரு. செமஸ்டர் முடியிற வரைக்கும் இருங்கன்னுட்டாரு. நல்ல மனுசன், அதுக்கு மேல அவரும் என்ன பண்ணுவாரு?"

"கமிட்டிக்காரங்க என்ன சொல்றாங்க?"

"வேற வாடக வீடு தேடுறாங்க. எல்லாம் ஸ்டூடன்ஸ் ஹவுஸ்னாலே ஏர்பிஎன்பி ரேட்டுல சொல்றானுங்க. மூணு புள்ளைங்க இப்பவே, வீடு போச்சுன்னா படிப்ப நிறுத்திடுவோம்னு அழுவுதுங்க. நான் ஒண்ணு நெனச்சேன். டவுன்ல அந்த மசாலாக் கட பெரிய பாய் இருக்காருல்ல? நான் அங்கதான் சாமான் வாங்குறேன். அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கவா?"

நான் விதியைச் சொன்னேன். அந்தக் குடும்பம் டீனுக்குப் பதிவாகியிருக்கிறது, அண்ணனும் அதே வீடாகத்தான் கணக்கு, டீன் விலகும் வரை நம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரும் அங்கே கேட்கக் கூடாது என்றேன்.

"அப்ப அவங்களுக்கு வேலி போட்டிருக்கீங்க."

"வேலி இல்லம்மா. வரிசை."

"வரிசன்னா நகரணும்லக்கா."

அவர் எழுந்து போய்விட்டார். ஓர் ஏற்பாடு சரியானதாக இருந்தும் ஒருவருக்கு உதவாமல் போகும்போது, நான் முதலில் சந்தேகப்படுவது ஏற்பாட்டை அல்ல, அதற்குள் நாம் ஊற்றிய தகவலை. அந்த வாரமே டவுனுக்குப் போனேன். மிளகாய்த்தூள் வாங்குவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

பெரியவர் வாசலுக்கு நேராக, சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, மடித்துவிட்ட சட்டைக் கை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"யுனிவர்சிட்டி அம்மாதானே? பேப்பர்ல தம்பி பக்கத்துல நின்னீங்க."

"ஆமா பாய்."

"மீன் கறிக்கா, கோழிக்கா?"

"மீனுக்கு."

கடைப் பையனிடம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் மெதுவாக, "தம்பிகிட்ட எங்க டீன் ஒரு கட்டடத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"நீங்க என்ன நெனக்கிறீங்க?"

"தம்பிகிட்டதானேம்மா கேட்டிருக்கீங்க? தம்பி சொல்லுவாரு."

அவ்வளவுதான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மிளகாய்த்தூள் பற்றி மட்டுமே பேசினார். ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது எனக்குத் தெரிந்தது. யார் சாத்தியது, எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெளிய வைத்தவர் சின்னவரின் மனைவி. டீன் மறுபடியும் தங்கா பத்து போகிறார் என்றதும் நானும் தொற்றிக்கொண்டேன். ஹாலில் புதிய படங்கள் ஓடத் தொடங்கியதும் பெண்களோடு பேசப் போகிறேன் என்று சமையலறைக்கு நழுவினேன். பின்வாசல் திறந்திருந்தது. தூரத்துக் கடலில் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. அந்த அம்மாள் பொரித்த அப்பளத்தைக் காகிதத்தில் பரப்பிக்கொண்டிருந்தார். சாதாரணமாகச் சிரிக்கிற முகம். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு இதுல விருப்பம் இருக்கா இல்லையாங்க?"

"ஐயோ, ராத்திரி படுத்தா லிஃப்ட்டப் பத்திதான் பேசுறாரு. எனக்கே அந்தக் கட்டடத்துல எத்தன டாய்லெட்டுனு தெரியும்."

"பின்ன ஏன் சொல்ல மாட்டேங்கிறாரு?"

அவர் ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நீங்க எல்லாம் படிச்சவங்க, இது தெரியலியா? எங்க வீட்டுல கார் மாத்துறதுன்னாலும் பெரிய மச்சான்கிட்ட சொல்லாம நடக்காது. சட்டம்னு ஒண்ணும் இல்ல. அப்படியே பழகிப் போச்சு. நீங்க வந்தீங்க, இவருகிட்ட நேரா கேட்டுட்டீங்க. பெரிய முதலாளின்னு நெனச்சுக் கேட்டீங்க. இவரு, இருங்க எங்க நானாகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு உங்க மொகத்துக்கு நேரா சொல்லுவாரா? பேப்பர்ல படம் வர்ற ஆளு! சரி, தனியாப் போயி நானாகிட்ட கேப்பாரா? கேட்டா, என்கிட்ட வராம உன்கிட்ட ஏன் வந்தாங்கன்னு ஆயிடும்ல."

"பெரியவரே கூப்பிட்டு, செய்டான்னு சொல்லலாமே?"

"எப்புடிச் சொல்லுவாரு? கேட்டது தம்பிகிட்ட. இவரு நடுவுல பூந்தா தம்பிக்கு மதிப்புக் கொறையும்ல. தம்பியே வந்து சொல்லட்டும்னு அவரு உக்காந்திருக்காரு. எப்புடிப் போறதுன்னு இவரு உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் வெள்ளிக்கெழம தொழுதுட்டு ஒண்ணா சாப்புடுறாங்க. இதத் தவிர எல்லாம் பேசுறாங்க."

நான் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். இரண்டு வருடப் புதிர் இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்துவிட்டது. நாங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்தத் தப்பைச் செய்யாது. மூத்தவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நானே அப்படித்தான் பத்திரிகை வைத்திருக்கிறேன். ஆனால் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் கம்பெனிப் பத்திரத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பார்த்தோம்.

அந்த அம்மாள் பேச்சை மாற்றினார். "அது சரி, புக்கிட் பெருவாங்குல பொம்பளப் புள்ளைங்க தங்கியிருக்கிற வீட்ட விக்கிறாங்களாமே? கடைக்கு வந்த அந்த வார்டன் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம்."

கேட்கவில்லை, சொல்லிக்கொண்டிருந்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. வார்டன்மேல் எனக்கு மரியாதை கூடியது. "ஆமாங்க, விக்கிறாங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் அது கேட்பதாகிவிடும்.

திரும்பும் வழியில் காரில் டீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ்வளவுதானே மேடம்? நாளைக்கே மூத்தவரப் பாத்து பிரசன்டேஷன் போட்டுடலாம்."

"போட்டா தம்பிய ஓரங்கட்டிட்டு அண்ணன்கிட்ட போனதா ஆயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து கதவச் சாத்துவாங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"கேட்டதத் திரும்ப வாங்கணும்."

டீன் சிக்னலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விழுந்தும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "மேடம், டூ இயர்ஸ். அந்த வீட்டுல எத்தன பிரியாணி சாப்ட்டிருக்கேன். கொலஸ்ட்ரோல் ஏறுனதுதான் மிச்சம். இப்பப் போயி, ப்ளீஸ், கொடுக்காதீங்கன்னு சொல்லணுமா?"

"கொடுக்காதீங்கன்னு இல்ல. நாங்க கேட்டது கேட்டதா இருக்க வேணாம்னு."

"அதுக்கு ப்ரொசீஜர் இருக்கா?"

அது நியாயமான கேள்வி. அன்று இரவு எங்கள் விதிமுறைகளை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதிவது எப்படி, வளர்ப்பது எப்படி, கேட்பது எப்படி, மறுத்தால் முகம் வாடாமல் நன்றி சொல்வது எப்படி, எல்லாம் இருந்தது. கேட்டதைத் திரும்பப் பெறுவது எப்படி என்று ஒரு வரி இல்லை. உலகத்தில் யாரும் அப்படிச் செய்ய விரும்பியதில்லை போலும்.

டீனை வழிக்குக் கொண்டுவர மனிதாபிமானம் உதவாது என்று எனக்குத் தெரியும். அவர் நல்லவர்தான். ஆனால் ஆண்டறிக்கைக்குப் பயந்தவர். அந்த வருட முடிவில் பல்கலைக்கழக மன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும். அதில் "நன்கொடையாளர் மறுத்தார்" என்ற கட்டம் சிவப்பில் வரும். "பல்கலைக்கழகம் விலகியது" என்ற கட்டத்துக்கு நிறமே கிடையாது. யாரும் பயன்படுத்தாததால் நிறம் கொடுக்க மறந்துவிட்டார்கள். இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெறமே இல்லியா?" என்று கேட்டார். "இல்ல சார், வெள்ள." விலகல் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார்.

கடிதம் போதாது. வீட்டில் போய்க் கேட்டதை வீட்டில் போய்த்தான் திரும்பப் பெற வேண்டும். ஒரு தட்டில் ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டோம். போகிற வழியெல்லாம் டீன் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். படம் போட்டுக் காட்ட முடியாத ஒன்றை அவர் பேசப் போவது அதுதான் முதல் தடவை.

சின்னவர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து வந்தார். பழத்தட்டைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கேள்வி.

"என்ன சார், விசேஷமா?"

டீன் தொண்டையைச் செருமினார். "சார், நாங்க உங்ககிட்ட ஒரு கட்டடம் கேட்டோம். கேக்கறதுக்கு முந்தி எங்களுக்கு எது முக்கியமாத் தேவைனு எங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணல. அது எங்க தப்பு. அதனால அந்தக் கேள்விய நாங்க திரும்ப எடுத்துக்கிறோம். இத்தன நாளு உங்கள யோசிக்க வச்சதுக்கு மன்னிக்கணும்."

சின்னவர் என்னைப் பார்த்தார். "கோவமாம்மா? நான் லேட் பண்ணிட்டேன்னா?"

"ஒரு கோவமும் இல்ல பாய். உங்க பக்கம் எந்தக் கொறையும் இல்ல. இந்த மாடலையும் எடுத்துட்டுப் போயிடறோம், ஹால்ல எடத்த அடைக்குது."

டீன் குனிந்து, கட்டடத்தின் மேலிருந்த பொம்மைக் கார்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாவில் வைத்தார். பிறகு மாதிரியைக் கையில் தூக்கிக்கொண்டார். அதைத் தூக்கியபடி அவர் நின்ற கோலத்தைப் பார்த்த சின்னவருக்கு முதலில் உதடு துடித்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் நான் பார்த்திராத சிரிப்பு. தோளிலிருந்து மூட்டையை இறக்கிய ஆளின் சிரிப்பு.

"அத வைங்க சார், கீழ வைங்க. டீ குடிக்காமப் போவக் கூடாது" என்றவர், உட்கார்ந்ததும், "சரி, அப்ப உங்களுக்கு முக்கியமா எதுதான் தேவ?" என்று கேட்டார்.

டீன் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். திரும்பப் பெற்ற அதே அமர்வில் புதிதாக ஒன்றைக் கேட்கக் கூடாது என்பது நான் முதல் நாள் இரவு எழுதிச் சேர்த்த விதி. மை காய்வதற்குள் நானே அதை மீறுவதாக இல்லை. "இன்னிக்கு நாங்க எதையும் கேக்க வரல பாய்" என்றேன்.

டீத் தட்டோடு வந்த அவர் மனைவி, எங்கள் யாரையும் பார்க்காமல், கணவரிடம் சொன்னார்: "அந்தத் தோட்டத்துப் பொண்ணுங்க இருக்கிற வீட்ட விக்கிறாங்களாம். செமஸ்டர் முடிஞ்சா அதுங்க எங்க போவும்னு தெரியல. கடையில சொன்னாங்க."

"எந்தப் பொண்ணுங்க?"

அவர் மனைவி சொன்னார். நாங்கள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தோம். சின்னவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியை எடுத்தார். "நானாகிட்ட சொல்றேன்" என்று எந்தச் சங்கடமும் இல்லாமல் எங்கள் எதிரிலேயே சொன்னார். இப்போது அவர் அனுமதி கேட்கப் போகவில்லை. அண்ணனுக்கு ஒரு செய்தி சொல்கிறார், அவ்வளவுதான். எந்தத் தம்பிக்கும் அதில் மதிப்புக் குறைவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அண்ணனும் தம்பியும் கடை வேனிலேயே புக்கிட் பெருவாங் வந்தார்கள். நானும் டீனும் ஓரமாக நின்றோம். வார்டன் காலையிலிருந்து வீட்டைக் கழுவித் தள்ளியிருந்தார். என்னைத் தனியே இழுத்து, "அக்கா, ஹால்ல சாமி படம் இருக்கு. எடுத்து உள்ள வச்சிடவா? ஏதாச்சும் நெனப்பாங்களோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன், உறுதியாகத் தெரியாமலே.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாடிக்குப் போய்ப் பிள்ளைகளின் அறைகளை வாசலில் நின்றே பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் நின்றார்.

"வெளக்குக்குப் பக்கத்துல தெரச்சீல தொங்குது பாருங்கம்மா" என்றார் பெரியவர். "காத்து அடிச்சாப் புடிச்சுக்கும். தள்ளிக் கட்டுங்க."

பிறகு சமையலறையை ஒட்டிய அறையைக் காட்டி, "இது ஸ்டோரா?" என்று கேட்டார்.

"நான் தங்குற ரூம் பாய்."

"ஜன்னலே இல்லியே?"

"பழகிருச்சு பாய்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசி முடிவெடுக்காததைப் பார்த்த எனக்கு, அந்தத் தலையாட்டலை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியவில்லை.

"வீட்ட நாங்க வாங்கிக்கிறோம்" என்றார் பெரியவர் வார்டனிடம், எங்களிடம் அல்ல. "எங்க பேர்லயே இருக்கட்டும். நீங்க இருங்க, புள்ளைங்க இருக்கட்டும். இப்பக் குடுக்குற வாடகைய, வீட்ட ரிப்பேர் பண்ண ஒதுக்கி வச்சுக்குங்க. போர்டு எதுவும் மாட்ட வேணாம். மொதல்ல இந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் வைக்கணும்."

வார்டன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேனில் ஏறப் போன பெரியவர் நின்று டீனைப் பார்த்தார். "தம்பிகிட்ட நீங்க ஏதோ கட்டடம் கேட்டீங்களாமே சார்?"

டீன் என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக அவர் காத்திருந்த கேள்வி, கேட்க வேண்டியவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. நான் எதிர்வீட்டுப் பூச்செடிகளை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது..." என்றார் டீன். "அத நாங்க திரும்ப எடுத்துக்கிட்டோம் பாய்."

"அப்புடியா? சரி." வேன் கிளம்பிவிட்டது.

டீன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அறிக்கையில் அவர் கட்டம் வெள்ளையாகவே வந்தது. மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், நம் மாணவிகளுக்காக ஒரு வீடே வாங்கியிருக்கிறார்களே, அது ஏன் நன்கொடைக் கணக்கில் இல்லை என்று கேட்டார். நமக்கு யாரும் கொடுக்கவில்லை, அதனால் இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

செமஸ்டர் விடுமுறையில் ஜன்னல் வைத்துவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வார்டன் போன் செய்தார்.

"அக்கா, செலண்டார்லேருந்து புதுசா ரெண்டு புள்ளைங்க கேட்டு வந்துச்சுங்க. மேல ஒரு ரூம்ல எடம் இருக்கு. இனிமே இதுக்கெல்லாம் நான் யாருகிட்ட பெர்மிஷன் கேக்கணும்?"

பழக்கதோஷத்தில் நான் யோசிக்க ஆரம்பித்தேன். கமிட்டி வாடகைதாரர்தான், உரிமையாளர் அல்ல. பல்கலைக்கழகத்துக்கு அந்த வீட்டில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரியவரிடம் கேட்டால் தம்பியிடம் சொல்லுங்கள் என்பார், தம்பியிடம் கேட்டால் நானாவிடம்...

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். யோசிக்கிறேன்."

"மெதுவா யோசிச்சு சொல்லுங்கக்கா. அதுங்க நேத்தே வந்துருச்சுங்க. சாப்புட்டுட்டுத் தூங்குதுங்க."